யாருடைய ஆர்.என்.ஏ. இது?

"மேடம், மூணு வாரமா புரதமே வரல."

போன தை மாதம் என் பழைய மாணவர் ஒருவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். அவர் இப்போது பேராசிரியர். அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண் ஒருத்தி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். உறவுமுறை சொல்வதானால் எனக்குப் பேத்தி அவள். கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. குரல் ஏறக்குறைய உடைந்திருந்தது.

அவள் செய்ய முயன்றது, உயிருள்ள செல் எதுவும் இல்லாமல் ஒரு சிறிய குழாய்க்குள்ளேயே புரதம் தயாரிப்பது. அதற்குத் தேவையான நொதிகளை ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுத்தம் செய்து வைத்திருந்தாள். ரைபோசோமையும் அவளே எடுத்திருந்தாள். அத்தனையையும் கலந்து 37 டிகிரியில் வைத்தால் பச்சையாக ஒளிரும் ஜெல்லி மீன் புரதம் உருவாக வேண்டும். குழாயைப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டினாள். தண்ணீர் மாதிரி இருந்தது. துளிப் பச்சை இல்லை.

நொதிகளைப் பற்றிக் கேட்டேன். அழகாகச் சொன்னாள். மெக்னீசியம் எவ்வளவு என்று கேட்டேன். அதையும் படிப்படியாக மாற்றிப் பார்த்திருந்தாள். கடைசியாக, "டி-ஆர்.என்.ஏ. எது போட்டே?" என்றேன்.

ஃப்ரீசரைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினாள். மூடியில் கறுப்புப் பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்: டி-ஆர்.என்.ஏ. அவ்வளவுதான்.

"இது யாரோடதும்மா?"

"பக்கத்து பெஞ்ச் அக்காவோடது மேடம்."

"அதைக் கேக்கல. எந்த உயிரோட ஆர்.என்.ஏ.?"

அவள் விழித்தாள். "டி-ஆர்.என்.ஏ. தானே மேடம்? கேரியர்."

அந்த ஒரு வார்த்தையில் நாற்பது வருடத்துக்கு மேல் பின்னால் போய் நின்றேன்.

1978. மெட்ராஸ். நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருடம். எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே பைத்தியம், டி-ஆர்.என்.ஏ. என்கிற கடத்து ஆர்.என்.ஏ. மரபுச் செய்தி நான்கு எழுத்து மொழியில் இருக்கிறது. புரதமோ இருபது அமினோ அமிலங்களின் மொழியில் இருக்கிறது. இரண்டையும் அறிந்த ஒருவர் நடுவில் நின்று பேசினால்தான் காரியம் ஆகும். கம்பெனிக் காலத்து மெட்ராஸில் வெள்ளைக்காரருக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவே துபாஷி நின்றதைப் போல, செல்லுக்குள் நிற்கும் துபாஷி இந்தச் சிறு மூலக்கூறு. ஏறக்குறைய 76 எழுத்து நீளம். ஒரு பக்கத்தில் செய்தியின் மூன்று எழுத்தைப் படிக்கும் வளைவு. மறு முனையில் சி-சி-ஏ என்று முடியும் வால். அந்த வாலில்தான் அமினோ அமிலம் வந்து ஏறும். எந்தத் துபாஷியின் வாலில் எந்த அமிலத்தை ஏற்றுவது என்று முடிவு செய்வது அதற்கென்றே உள்ள நொதி.

இப்படி ஒரு இடைத்தரகர் இருந்தாக வேண்டும் என்று பிரான்சிஸ் கிரிக் 1955-லேயே எழுதிவிட்டார். 1958-இல் அமெரிக்காவில் ஹோக்லண்டும் சாமெக்னிக்கும் அவர்களுடைய தோழர்களும், அமினோ அமிலத்தைச் சுமந்து போய்ப் புரதத்தில் சேர்க்கும் ஆர்.என்.ஏ.வைக் கண்டு அறிவித்தார்கள். எளிதில் கரைந்து நிற்கும் சிறு மூலக்கூறு என்பதால் அப்போது அதற்குக் 'கரையும் ஆர்.என்.ஏ.' என்றே பெயர். ராபர்ட் ஹோலி 140 கிலோ ரொட்டி யீஸ்டிலிருந்து அலனைனுக்கான கடத்து ஆர்.என்.ஏ.வை மட்டும் 1 கிராம் பிரித்தெடுத்து, 1965-இல் அதன் எழுத்து வரிசை முழுவதையும் படித்துச் சொன்னார். 140 கிலோவுக்கு 1 கிராம்! எங்கள் பேராசிரியர் இதை வகுப்பில் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், கோயில் பிராகாரத்தில் பேசுவது போல. ஹோலிக்கும் நிரன்பெர்க்குக்கும் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவுக்கும் 1968-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே யீஸ்டின் அலனைன் கடத்து ஆர்.என்.ஏ.வுக்கான ஜீனை 1970-இல் கொரானா குழு வேதியியல் முறையில் கட்டியது. 1976-இல் ஈ. கோலையின் டைரோசின் கடத்து ஆர்.என்.ஏ. ஜீனையும் கட்டி, அது பாக்டீரியாவுக்குள் வேலை செய்வதையும் காட்டியது. இப்படிப்பட்ட கட்டுரைகள் வரும் இதழ்கள் கப்பலில் மூன்று மாதம் கழித்து எங்களுக்கு வந்து சேரும். வந்த அன்று நூலகத்தில் வரிசையில் நிற்போம்.

படிப்பதற்கு இதழ் வரும். செய்வதற்குப் பொருள் வராது. ஈ. கோலை கடத்து ஆர்.என்.ஏ. வெளிநாட்டுக் கம்பெனிகளின் விலைப்பட்டியலில் அப்போதே இருந்தது. ஆனால் அதை வாங்க அந்நியச் செலாவணி அனுமதி வேண்டும். அதற்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பம், கையெழுத்துகள், காத்திருப்பு. எல்லாம் முடிந்து பெட்டி விமான நிலையத்துக்கு வந்தாலும், சுங்கத்திலிருந்து வெளியே வருவதற்குள் உள்ளே வைத்த உலர் பனிக்கட்டி காற்றாய்ப் போயிருக்கும். பேராசிரியர் ஒரே வரியில் முடித்தார்: "பாக்டீரியா நம்மகிட்ட இருக்கு. பீனால் இருக்கு. கை இருக்கு. செஞ்சுக்கலாம்."

செய்தோம். ஒரு முறை செய்ய பத்து நாள்.

முதலில் பாக்டீரியா வளர்க்க வேண்டும். 20 லிட்டர் கண்ணாடி ஜாடியில் பெப்டோனும் யீஸ்ட் சாறும் உப்பும் கரைத்து, மீன் தொட்டிக்கு வைக்கிற காற்றுப் பம்பால் குமிழி விட்டு வளர்த்தோம். ஈ. கோலைக்குப் பிடித்த சூடு 37 டிகிரி. சித்திரை மாதத்தில் எங்கள் வராந்தாவே அந்தச் சூட்டில்தான் இருக்கும். வளர்ந்ததைச் சென்ட்ரிபியூஜில் சுற்றி இறக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை லிட்டர்தான் பிடிக்கும். 20 லிட்டரையும் முடிக்கக் காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். நடுவில் மின்சாரம் போனால் அந்தச் சுற்று மறுபடி முதலிலிருந்து. கடைசியில் கையில் மிஞ்சுவது வெளிறிய சந்தனக் குழம்பு மாதிரி 80, 90 கிராம் செல்.

அடுத்தது பீனால். கடையில் வாங்குகிற பீனால் இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றுப் பட்டுக் கெட்டதன் அடையாளம் அது. அதை அப்படியே போட்டால் ஆர்.என்.ஏ.வும் கெடும். அதனால் நாங்களே காய்ச்சி வடித்தோம். பீனால் 182 டிகிரியில் கொதிக்கும், 41 டிகிரிக்குக் கீழே வந்தால் உறைந்துவிடும். குளிர்விக்கும் குழாயில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் உள்ளேயே கட்டியாகி அடைத்துக்கொள்ளும். பின்னால் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் தண்ணீர் விடாமல், காற்றிலேயே ஆறவிட்டு, துளித் துளியாக நிறமற்று விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் என் இடது புறங்கையில் பீனால் தெறித்தது. பீனாலின் கொடுமை என்னவென்றால், பட்டவுடன் வலிக்காது. தோலை மரக்கச் செய்துவிட்டுத்தான் எரிக்கும். நான் கவனிக்கவே இல்லை. எங்கள் கூடத்தின் உதவியாளர் அண்ணன்தான் பார்த்தார். "பாப்பா, கையைக் காட்டு" என்றார். ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் பீரோவைத் திறந்து சாராய பாட்டிலை எடுத்து, என் கையைத் தொட்டியின் மேல் பிடித்து, மேலும் மேலும் ஊற்றிக் கழுவினார்.

அந்தச் சாராயத்தின் அருமை அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனால் கலால் துறை அனுமதியில் வருவது. ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் பேரேட்டில் கணக்கு எழுத வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஆய்வாளர் வந்து பாட்டிலையும் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அண்ணன் என் கையைத் துணியால் சுற்றிவிட்டு, பேரேட்டை எடுத்து எழுதினார்: 'பாப்பா கை கழுவ, 200 மில்லி.' மாலையில் பேராசிரியர் அதைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கீழே கையெழுத்துப் போட்டார். அந்தத் தழும்பு இன்றும் என் கையில் இருக்கிறது. அந்தக் கையெழுத்தும் மனதில் இருக்கிறது.

செல்லையும் தண்ணீர் கலந்த பீனாலையும் சம அளவு சேர்த்துக் குளிரறையில் ஒரு மணி நேரம் கலக்குவோம். இதில் ஒரு அழகு உண்டு. செல்லை உடைக்கவே வேண்டாம். பீனால் பட்டதும் செல்லின் உறை ஓட்டையாகும். டி.என்.ஏ.வும் ரைபோசோமின் பெரிய ஆர்.என்.ஏ.க்களும் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிட, சின்னஞ்சிறு கடத்து ஆர்.என்.ஏ. மட்டும் நழுவி வெளியே வரும். சுற்றி இறக்கினால் கீழே பீனால், நடுவில் வெள்ளைத் தயிர் மாதிரி புரதம், மேலே தெளிந்த நீர். அந்த மேல் நீரில்தான் நம் சரக்கு. அதில் பொட்டாசியம் அசிடேட் சேர்த்து, இரண்டு மடங்கு குளிர்ந்த சாராயம் ஊற்றிய கணத்தில் தெளிந்த நீருக்குள் வெள்ளை வெள்ளையாய் மேகம் திரளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சலித்ததில்லை.

பிறகு அடர்ந்த உப்பு நீரில் கரைத்தால் மிச்சமிருக்கும் பெரிய ஆர்.என்.ஏ. கரையாமல் அடியில் நிற்கும். கரைந்ததை செல்லுலோஸ் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் ஏற்றி, உப்பின் அடர்த்தியைக் கூட்டிக் கீழே இறக்குவோம். சொட்டுகளைத் தானாகச் சேகரிக்கும் கருவி எங்களிடம் இல்லை. 4 டிகிரிக் குளிரறையில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாய் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சோதனைக் குழாயை மாற்ற வேண்டும். வெளியே மெட்ராஸ் கத்திரி வெயில். கதவைத் திறந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி பூத்துவிடும். அதற்குப் பிறகு ஏற்கெனவே வாலில் ஏறியிருக்கும் அமினோ அமிலங்களைக் கழற்றிவிட வேண்டும். காரத்தன்மை உள்ள டிரிஸ் கரைசலில் 37 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் கழன்றுவிடும். மறுபடி சாராயத்தில் இறக்கி, டியாலிசிஸ் பையில் கட்டி உப்பை நீக்கி, உறைய வைத்து உலர்த்தினால், குடுவையின் அடியில் இலவம்பஞ்சு போல ஒரு வெள்ளை. தொட்டால் விரலோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு லேசு. பத்து நாள், 20 லிட்டர், 90 கிராம் செல், கடைசியில் 100 மில்லிகிராமை ஒட்டி.

என்னுடைய மூன்றாவது தயாரிப்பு பாழாய்ப் போனது. பஞ்சு அதே வெள்ளைதான். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 260 நானோமீட்டரில் எண் சரியாக இருந்தது, 260-க்கும் 280-க்கும் உள்ள விகிதமும் ஏறக்குறைய 2. புத்தகப்படி குறையே இல்லை. ஆனால் பேராசிரியர் எந்த எண்ணையும் நம்பமாட்டார். "ஏறுதா பாத்தியா?" என்பார். கதிரியக்க லூசினையும் ஏ.டி.பி.யையும் நொதிச் சாற்றையும் சேர்த்து வைத்து, வட்டமாக வெட்டிய வடிதாளில் சொட்டி, குளிர்ந்த அமிலத்தில் கழுவி, தாளில் எவ்வளவு கதிரியக்கம் தங்கியிருக்கிறது என்று எண்ண வேண்டும். லூசின் ஏறிய கடத்து ஆர்.என்.ஏ. தாளில் தங்கும். ஏறாத லூசின் கழுவிப் போகும். என் தாளில் எதுவும் தங்கவில்லை.

காரணம் என் விரல். மனித வியர்வையில் ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதி இருக்கிறது. டியாலிசிஸ் பையை வெறும் கையால் முடிச்சுப் போட்டிருந்தேன். சங்கிலி நடுவில் எங்கோ அறுந்தாலும் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதில் குறை வராது, அதனால் எண் அப்படியே இருக்கும். வேலை மட்டும் செத்துப்போயிருக்கும். அளவு சரியாக இருப்பதும் பொருள் உயிரோடு இருப்பதும் வேறு வேறு என்று அன்றைக்குப் படித்தேன். பிற்பாடு ஆர்.என்.ஏ.வோடு பழகிய அத்தனை வருடத்துக்கும் அந்த ஒரு பாடம் போதுமானதாக இருந்தது.

மறு வருடம் பேராசிரியர் இங்கிலாந்திலிருந்த நண்பருக்குக் கடிதம் எழுதி ஒரு பாக்டீரியாவை வரவழைத்தார். எம்.ஆர்.இ. 600. ஈ. கோலையிலேயே ஒரு வகை. சாதாரண ஈ. கோலையில் ரைபோநியூக்ளியேஸ்-1 என்று ஒரு நொதி உண்டு. செல்லின் இரண்டு உறைகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் அது, செல் உடைந்ததும் உள்ளே பாய்ந்து ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கும். எம்.ஆர்.இ. 600-இல் அந்தத் தொல்லை இல்லை. இந்தப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் நுண்ணுயிர் ஆராய்ச்சி நிலையம் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் போர்ட்டன் டவுன் என்ற இடத்தில், கிருமிப் போரைப் பற்றி ஆராய்வதற்காக அரசு நடத்திய நிலையம் அது. 1960-களில் அங்கே வேலை பார்த்த காமக், வேட் என்ற இருவரின் ரைபோசோம் ஆராய்ச்சியில்தான் இந்த வகை பாக்டீரியா வெளியே தெரிய வந்தது. போருக்காகக் கட்டிய கட்டடத்திலிருந்து வந்த ஒரு கிருமி, உயிர் எப்படிப் புரதம் நெய்கிறது என்பதைப் படிக்க உலகம் முழுவதும் உதவியது. இன்றைக்கும் விலைக்கு வரும் ஈ. கோலை கடத்து ஆர்.என்.ஏ. குப்பியில் அந்த எண்ணைப் பார்க்கலாம். விதியின் விளையாட்டில் இப்படி நல்ல விளையாட்டும் உண்டு.

காலம் மாறியது. 80-களில் எல்லோர் கவனமும் டி.என்.ஏ. பக்கம் திரும்பியது. ஜீனை வெட்டுவது, ஒட்டுவது, படிப்பது. அந்த வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. கையில் இருக்கும் டி.என்.ஏ. மிகமிகக் கொஞ்சமாக இருந்தால் சாராயம் ஊற்றினாலும் கண்ணுக்குத் தெரியும்படி இறங்காது. அப்போது துணைக்குக் கொஞ்சம் கடத்து ஆர்.என்.ஏ.வைப் போட்டால் அது திரண்டு இறங்கும்போது டி.என்.ஏ.வையும் கூட்டிக்கொண்டு இறங்கும். துணைக்குப் போவதால் கேரியர் என்று பேர். இன்னொரு உபயோகமும் உண்டு. ஒரு திசுவில் குறிப்பிட்ட ஒரு ஆர்.என்.ஏ. எங்கே இருக்கிறது என்று தேடும்போது, தேடும் கருவி கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முன்கூட்டியே கடத்து ஆர்.என்.ஏ.வைப் பரப்பி ஒட்டும் இடங்களை நிரப்பி வைப்பார்கள். இரண்டு வேலைக்கும் அது உயிரோடு இருக்க வேண்டியதில்லை. அமினோ அமிலம் ஏறுகிறதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எந்த உயிருடையது என்றும் கவலையில்லை. மலிவாகக் கிடைக்கும் யீஸ்டே போதும்.

பந்தியில் தலை இலையில் உட்கார்ந்திருந்தது, கறிவேப்பிலை ஆகிவிட்டது. தாளிக்க வேண்டும், சாப்பிடும்போது ஒதுக்கிவிட வேண்டும். அதுதான் அந்தக் குப்பியில் 'டி-ஆர்.என்.ஏ.' என்று மட்டும் எழுதியிருந்ததற்குக் காரணம். அந்தப் பெண்மேல் குற்றமில்லை. அவள் இந்தத் துறைக்குள் வரும்போது அது கேரியராகத்தான் இருந்தது.

பக்கத்து பெஞ்ச் அக்காவைக் கேட்டோம். அலமாரியிலிருந்து மூலக் குப்பியை எடுத்து வந்தாள். நான் நினைத்ததுதான். ரொட்டி யீஸ்டிலிருந்து எடுத்தது. திசு வேலைக்காக வாங்கியது.

"இதுல என்ன மேடம் வித்தியாசம்? ஜெனடிக் கோடு எல்லா உயிருக்கும் ஒண்ணுதானே?"

நல்ல கேள்வி. அவளை உட்கார வைத்துச் சொன்னேன். அகராதி பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் துபாஷியை அடையாளம் கண்டு சுமையை ஏற்றுகிற நொதி, தன் ஊர் துபாஷியின் முகத்தைத்தான் அறியும். சில யீஸ்ட் கடத்து ஆர்.என்.ஏ.க்களை ஈ. கோலையின் நொதி ஏற்றுக்கொள்ளும். சிலவற்றை ஏறெடுத்தும் பார்க்காது. டைரோசின் இதில் பேர்போனது. யீஸ்டின் டைரோசின் கடத்து ஆர்.என்.ஏ. சி என்ற எழுத்தில் தொடங்குகிறது, ஈ. கோலையினுடையது ஜி-யில். வாலை ஒட்டிய அந்த ஒரு ஜோடி எழுத்து மாறியிருப்பதே இரண்டு ஊர் நொதிகளும் மற்ற ஊர் துபாஷியை ஒதுக்குவதற்கு முக்கியக் காரணம். அவளுடைய ஒளிரும் புரதத்தில் பச்சை ஒளியின் கருவே மூன்று அமினோ அமிலங்களால் ஆனது, அவற்றின் நடுவில் 66-ஆவது இடத்தில் இருப்பது டைரோசின். டைரோசின் ஏறாவிட்டால் சங்கிலி வளராது. கரு ஏது, ஒளி ஏது?

அவள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். எழுதும்போதே முகம் தெளிந்தது. பிறகு தானாகவே சொன்னாள்: "அப்போ வேற ஊர் டி-ஆர்.என்.ஏ.வைக் கொண்டுவந்தா, நம்ம ஊர் நொதி தொடாதுன்னா, அதுல நமக்கு வேணும்கிற புது அமினோ அமிலத்தை ஏத்தலாமே மேடம்?"

ஏற்றியிருக்கிறார்கள் என்றேன். 2001-இல் பீட்டர் ஷுல்ட்ஸ் குழு, கடலடி வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு ஆர்க்கியா உயிரின் டைரோசின் கடத்து ஆர்.என்.ஏ.வையும் அதன் நொதியையும் ஈ. கோலைக்குள் குடியேற்றி, இயற்கையின் இருபதில் இல்லாத ஒரு அமினோ அமிலத்தைப் புரதத்தில் சேர்த்துக் காட்டியது. மூன்று வாரம் அவளை அழவைத்த அதே குணம்தான் அந்தக் கண்டுபிடிப்புக்கு அடிப்படை.

எம்.ஆர்.இ. 600 குப்பிக்கு அன்று மதியமே ஆர்டர் போட்டார்கள். மூன்றாம் நாள் பனிப்பையோடு கூரியரில் வந்துவிட்டது. கலந்து வைத்துவிட்டு அவள் எனக்கு வீடியோவில் கூப்பிட்டாள். இருட்டறையில், விளக்கின் கீழ், நெல்மணி அளவு துளி. பச்சை. இளந்தளிர்ப் பச்சை. "வந்திருச்சு மேடம்" என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. என்னாலும்தான்.

மூன்றே நாளில் வந்தது நல்லது. இதை மனதாரச் சொல்கிறேன். காசு கொடுத்தால் கிடைக்கும் பொருளுக்காக ஒரு மாணவி பத்து நாளையும் கைத்தோலையும் இழக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அந்நியச் செலாவணிக்குக் காத்திருந்த அந்த மாதங்களில் எத்தனை பேருடைய நல்ல யோசனைகள் வாடிப்போயின என்பதை நேரில் பார்த்தவள் நான்.

ஆனாலும் இந்தக் குப்பியைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். 2001-இல் தோக்கியோவில் ஷிமிசுவும் உவேடாவும் அவர்கள் குழுவினரும், புரதம் செய்யத் தேவையான 30-க்கும் மேற்பட்ட புரதங்களைத் தனித்தனியே சுத்தம் செய்து கலந்து, செல் இல்லாமல் புரதம் செய்யும் முறையை உருவாக்கினார்கள். என் பேத்தி மாணவி பின்பற்றுவது அந்த வழியைத்தான். அதில் ஒவ்வொரு புரதமும் ஜீன் பொறியியலால் செய்தது. கடத்து ஆர்.என்.ஏ.வோ, ரைபோசோமைப் போலவே செல்லிலிருந்து எடுத்தது, மொத்தமாக எடுத்த கலவை. நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள் அதற்குள் இருக்கின்றன, செல் எந்த விகிதத்தில் வைத்திருந்ததோ ஏறக்குறைய அந்த விகிதத்தில். ஒவ்வொன்றிலும் செல் பிற்பாடு திருத்திய எழுத்துகள். ஐசோலூசினுக்கான ஒரு வகையில் ஒரே ஒரு எழுத்தை செல் லைசிடின் என்ற எழுத்தாக மாற்றுகிறது. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் அதே மூலக்கூறில் நொதி மெத்தியோனினை ஏற்றிவிடும், அர்த்தமே மாறிப்போகும். இத்தனை நுணுக்கத்தையும் குழாய்க்குள் கட்டி எழுப்ப முயற்சிகள் நடக்கின்றன. இருந்தாலும் கடையில் வாங்கும் குப்பிக்குள் இருப்பது இன்றும் பாக்டீரியாவின் கைவேலைதான். மெட்ராஸ் வராந்தாவில் மீன்தொட்டிப் பம்பு வைத்து நாங்கள் எடுத்ததும் அதுவே. நடுவில் நாற்பது வருடம் ஓடியிருக்கிறது. பஞ்சு மாறவில்லை.

மாறியது அதோடு நமக்கிருந்த பழக்கம். கூட இருந்து வளர்த்து, வடித்து, ஏறுகிறதா என்று எண்ணிப் பார்த்த பொருளின் குணம் கைக்குத் தெரியும். வாங்கிய பொருளின் குணத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கிற பழக்கம் போய்விட்டதால்தான் ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் மூன்று வாரம் வீணானது.

அவள் அதோடு விடவில்லை. கோடை விடுமுறையில் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, புகைக்கூண்டுக்குள் வைத்து, கூடத்திலிருந்த சாதாரண கே-12 வகை ஈ. கோலையில் 10 கிராம் எடுத்து, பழைய முறையிலேயே ஒரு முறை செய்தாள். இப்போதெல்லாம் பீனாலைக் காய்ச்ச வேண்டியதில்லை, சுத்தமாகவே கிடைக்கிறது. நான்கு நாளில் முடிந்தது. 9 மில்லிகிராம். சாராயம் ஊற்றும்போது மேகம் திரண்டதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அந்தப் பஞ்சைக் கரைத்துத் தன் கலவையில் போட்டாள். பச்சை வந்தது.

உயிர்வேதியியல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டே. எம்.எஸ்ஸி. மாணவர்கள் ஒரு முறையாவது பத்து கிராம் செல்லிலிருந்து கடத்து ஆர்.என்.ஏ. எடுக்கட்டும், எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல் அது வேலை செய்கிறதா என்றும் பார்க்கட்டும். இரண்டாவது, உங்கள் ஃப்ரீசரைத் திறந்து குப்பிகளின் மூடியைப் பாருங்கள். எந்த உயிர், எந்த வகை, எதற்குச் சோதித்தது, என்று எடுத்தது. இந்த நான்கும் இல்லாத குப்பியை வெளியே வையுங்கள்.

அந்தப் பெண்ணின் குப்பி மூடியில் இப்போது சின்ன எழுத்தில் இப்படி எழுதியிருக்கிறது: 'ஈ. கோலை கே-12. கடத்து ஆர்.என்.ஏ. கலவை. புரதம் வருகிறது. கேரியர் அல்ல.'